அருவிப் பசி

குற்றாலத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் அருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். கவிகள் பாடியிருக்கிறார்கள், சம்பந்தர் காலத்திலிருந்து இன்று வரை பாடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எனக்குப் பாட வராது. ஆகவே அருவியை விட்டுவிட்டு, அருவியில் குளித்து எழுந்தவுடன் வயிற்றில் கபகபவென்று பற்றிக்கொள்கிறதே ஒரு பசி, அதன் சரித்திரத்தை எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது சாதாரணப் பசி அல்ல. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மலையாளத்தில் பேய்மழை கொட்டும்போது, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் இந்தப் பக்கம் நுழைந்து, கூடவே கொஞ்சம் தூறலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அதுதான் சாரல். ஊர் சுமார் 550 அடி உயரத்தில்தான் இருக்கிறது. உதகமண்டலத்தோடு ஒப்பிட்டால் அது ஓர் உயரமே அல்ல. ஆனாலும் உடம்பு சிலிர்க்கிறது. பேரருவியோ 200 அடி உயரத்திலிருந்து விழுகிறது. நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் நம் தலை தப்புகிறது. உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்து, அதை அந்த அருவி அடித்து அடித்துப் போக்கிய பிறகு, ஈர வேட்டியோடு கரையேறுகிறவனுக்கு இரண்டு இட்லி எந்த மூலைக்கு?

ஆனால் குற்றாலத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அருவிக்குள் நின்றவர்கள் அல்ல. பார்க்க வந்தவர்கள் ஒரு ஜாதி. நனைய வந்தவர்கள் ஒரு ஜாதி. கும்பினியார் 1796-ல் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்காஸ் தீவுகளைப் பிடித்தார்கள். அங்கே விளைந்த ஜாதிக்காயையும் கிராம்பையும் நம் தேசத்து மண்ணில் பயிரிட்டுப் பார்க்க ஆசைப்பட்டபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று குற்றாலம். வாசனைத் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களோடு பங்களாக்கள் வந்தன. திருநெல்வேலி வெயில் தாங்காத துரைமார்கள் சீசனுக்கு வந்து, பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டே காலைப் பலகாரம் சாப்பிட்டார்கள். காட்சியும் சாப்பாடும் ஒரே மேஜையில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் குற்றாலத்துக்கு வந்தது அப்படித்தான். சீசனில் கடைத்தெருவில் குவியும் மங்குஸ்தான் பழத்தை நாம் வாங்கித் தின்பது அந்தக் காலத்துத் தோட்ட ஆசையின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் சாப்பாட்டைக் கையோடு கொண்டு வந்தார்கள். கட்டுச்சோறு! புளியோதரை, எள்ளுப்பொடி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. பாறையில் உட்கார்ந்து, தலை துவட்டுவதற்கு முன்பே பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள். அதில் பாதியைக் குரங்குகள் கொண்டு போகும். திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சி பாடியபோதே குரங்குகளுக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டார். அதனால் அவை இன்றும் உரிமையோடு பிடுங்குகின்றன.

கட்டுச்சோறு தீர்ந்த பிறகு என்ன செய்வது? மண்டபத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் பசியின் சரித்திரம் கொஞ்சம் கசக்கத் தொடங்குகிறது. மண்டபங்கள் ஜாதிக்கு ஜாதி வேறு. ‘நம்மவர்கள்’ கட்டியது, ‘அவர்கள்’ கட்டியது என்று சொல்லித்தான் வழி காட்டுவார்கள். அருவியின் கீழே பண்ணையாரும் பண்ணையாளும் அருகருகே நின்று ஒரே தண்ணீரில் அடி வாங்கினாலும், கரையேறிப் பசித்தவுடன் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தாக வேண்டும். எந்தத் திசையிலும் மண்டபம் இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாறையிலேயே இருந்தார்கள்.

நான் முதன்முதலில் குற்றாலம் போனது 1957-ல். எனக்கு 9 வயது. அழைத்துப் போனவர் என் தாத்தா. குளித்து முடித்து, கட்டுச்சோறும் முடிந்து, செங்கோட்டையில் இருந்த உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் பிரானூரில் வண்டி நின்றது. மரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை. அதிலிருந்து வந்த வாசனையை இப்போதும் என்னால் வருணிக்க முடியாது. வெங்காயமும் மிளகும் எண்ணெயில் வதங்கும் வாசனை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

“தாத்தா, அங்கே என்ன?”

“அது பார்டர். அந்தப் பக்கம் மகாராஜா சீமை. நாம அங்கெல்லாம் கை நனைக்கப்படாது.”

தாத்தா சொன்னதில் ஒரு பிழை இருந்தது. மகாராஜா சீமை அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த ஊர். குற்றாலமும் தென்காசியும் சென்னை மாகாணம். பிரானூரைத் தாண்டினால் சமஸ்தானம். ஒரே சாரல் நனைக்கிற இரண்டு ஊர்களுக்கு இரண்டு அரசாங்கம்! அங்கே தபாலுக்கு ‘அஞ்சல்’ என்று தனி இலாகா. அங்கே சக்கரம் என்ற நாணயம். நம்முடைய ரூபாய் ஒன்றைக் கொடுத்தால் 28½ சக்கரம் கிடைக்கும். அந்த அரைச் சக்கரத்துக்காக எத்தனை வாய்ச்சண்டை நடந்திருக்குமோ! 1865-லேயே உடன்படிக்கை செய்துகொண்டு பெரும்பாலான சுங்கங்களை எடுத்துவிட்டார்கள் என்றாலும், உப்பும் புகையிலையும் சும்மா கடந்து போக முடியாது. ஆகவே சோதனை, காத்திருத்தல். காத்திருக்கிறவனுக்குப் பசிக்கும். எல்லைகளில் சாப்பாட்டுக் கடைகள் முளைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

1904-ல் கணவாயைக் குடைந்து செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் ரயில் விட்டார்கள். கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் அது ஊர்ந்து போகும் அழகைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அந்தச் சின்ன ரயில் 2010-ல் நின்று, பாதையை அகலமாக்கி, 2018-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. நம் விஷயம் ரயில் அல்ல, ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலை. தென்னாட்டு ரயில் நிலையங்களில் பிராமணருக்கு ஓர் அறை, மற்றவர்களுக்கு ஓர் அறை என்று 1941 வரையில் பிரித்து வைத்திருந்தார்கள். காபி கிளப்புகளிலும் அதே கதைதான்.

இதே திருநெல்வேலிச் சீமையில், சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் எதனால் குலைந்தது? பந்தியால். சில பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்ற செய்தி 1924-ல் கிளம்பி, நாட்டையே இரண்டு கட்சியாக்கியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழுந்தார்கள். லண்டனில் சாவர்க்கரோடு இருந்தவர், துப்பாக்கிக்கு அஞ்சாதவர், அவர் இரண்டு இலைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டார். அந்த மனக்கசப்பு ஆறுவதற்குள், 1925 ஜூன் 3-ஆம் தேதி, இதே மலைத்தொடரில் பாபநாசத்து அருவிக்குப் போன இடத்தில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிரை விட்டார். எந்த அருவிக்குப் போனாலும் எனக்கு ஒரு கணம் அவருடைய தாடி முகம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விசேஷம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா தம்முடைய அரசாங்கக் கோயில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்டார். இந்தப் பக்கம் அதற்கான சட்டங்கள் 1939-லும் 1947-லும்தான் வந்தன. கொஞ்ச காலம், பிரானூரைத் தாண்டினால் சாமியை அருகில் போய்ப் பார்க்கலாம், தாண்டாவிட்டால் முடியாது என்ற நிலை. ஆனால் கோயில் கதவு திறந்த வேகத்தில் சாப்பாட்டுக் கடைக் கதவு திறந்துவிடவில்லை. சாமிக்கு இல்லாத ஆசாரம் சாம்பாருக்கு இருந்தது.

அருவிக் காட்சியும் நல்ல சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்த காலம் ஒன்று குற்றாலத்துக்கு உண்டு. அது ஹோட்டல் அல்ல, ரசிகமணி டி.கே.சி.யின் வீடு. வக்கீலுக்குப் படித்து, அறநிலையத் துறையில் உத்தியோகம் பார்த்து, பிறகு கம்பனையும் குற்றாலத்தையும் துணையாகக் கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டு விருந்தாளிகள். அங்கே கவிதைக்கும் தோசைக்கும் ஒரே மரியாதை. இரண்டையும் சூடாகத்தான் பரிமாற வேண்டும் என்பது அவர் கொள்கை போலும். 1954-ல் அவர் காலமானார். அதே வருஷக் கடைசியில் கல்கியும் போய்விட்டார்.

அந்த 1954-தான் எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷம். திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளர்ச்சி, ஆகஸ்ட் 11-ல் தெற்கே மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கங்களில் துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. 1955-ல் பஸல் அலி கமிஷன், தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுக்கச் சொன்னது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அவை வந்து சேர்ந்தன. செங்கோட்டைத் தாலுகா மட்டும் முழுசாக வரவில்லை. மேற்கே மலைப்பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. எல்லை பிரானூரை விட்டு எழுந்து, புளியரையைத் தாண்டி மலையேறிப் போய்விட்டது.

கடைகள் எழுந்து போகவில்லை. பெயரும் போகவில்லை. இன்றைக்கும் பிரானூருக்குப் ‘பார்டர்’ என்றுதான் பெயர். எல்லையே இல்லாத இடத்தில் பலகைக்குப் பலகை ‘பார்டர்’ என்று எழுதிப் பரோட்டா விற்கிறார்கள்!

பரோட்டா நம் பக்கம் பழகியதற்கும் காரணம் தேடினால் பசியில்தான் போய் முடிகிறது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. திருவிதாங்கூர் அந்த அரிசியை நம்பிப் பிழைத்த ராஜ்யம். இந்தப் பக்கம் தாமிரபரணி நெல் இருந்தும் ரேஷன். 1952-ல் ராஜாஜி வந்துதான் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார். இடையில் பத்து வருஷம். அரிசியைத் தவிர வேறொன்றும் சோறே அல்ல என்று இருந்தவர்கள் கோதுமைக்கும் மைதாவுக்கும் நாக்கைப் பழக்கிக்கொண்டார்கள். அப்புறம் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது.

சென்ற வருஷச் சீசனில் மறுபடி போயிருந்தேன். தென்காசி நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், சைவப் பிள்ளைமார் குடும்பம். காலையில் ஐந்தருவியில் குளித்தோம். அங்கே அருவியைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று விளம்பரம் செய்யும் விடுதி ஒன்றில் நுழைந்தோம். கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் மலை. நெய் ரோஸ்ட் ஆறிப்போய் வந்தது. வட இந்தியக் குழம்பு வகைகள் பட்டியலில் நிறைய இருந்தன. சொதி இருக்கிறதா என்று கேட்டதற்குப் பையன் விழித்தான். துரைமார் வராந்தாவுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் காட்சி மோகம் எவ்வளவு தூரம் போயிற்று என்றால், இந்த மலைகளில் சில விடுதிக்காரர்கள் ஓடையைத் திருப்பித் தங்கள் வளவுக்குள்ளேயே அருவி உண்டாக்கிக்கொண்டார்கள். 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

“இது சரிப்படாது, வாங்க” என்று நண்பர் பார்டருக்குக் கூட்டிப் போனார்.

அங்கே காட்சி என்று பார்த்தால் மர அறுவை ஆலைகள். தோலுரித்த மரங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. லாரிப் புகை. அதற்கு மேலே, யாரும் விலை போடாத மலை, பாதி மேகத்துக்குள். உள்ளே உட்கார இடமில்லை. மலையாளக் குடும்பம் ஒன்று, லாரி டிரைவர்கள், ஐயப்ப சீசன் இல்லாததால் தைரியமாக வந்திருந்த மதுரைக்காரர்கள், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள். யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பதை எழும் இலைதான் தீர்மானித்தது.

“அண்ணாச்சி, ரெண்டு பேரா? அந்தாக்ல உக்காருங்க.”

வாழை இலை விழுந்தது. உள்ளங்கையளவு பரோட்டா, பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றினார்கள். பக்கத்தில் மிளகு போட்டு வறுத்த கோழி. மழைச் சாரல் கூரைத் தகரத்தில் சடசடத்தது. 1957-ல் கீற்றுக் கொட்டகையிலிருந்து வந்த அதே வாசனை. கை நனைத்துவிட்டேன், தாத்தா.

நண்பர் பேசவே இல்லை. நாலு பரோட்டாவுக்குப் பிறகு தலை நிமிர்ந்து, “ஏ தம்பி, பத்துப் பரோட்டா, ஒரு கோழி, பார்சல் கட்டு” என்றார். பேரன்மார் வந்திருக்கிறார்களாம்.

காரில் ஏறியதும் பொட்டலத்தைக் காலடியில் வைத்து, அதன் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

“வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அடுக்களைப் பக்கம் கொண்டு போனாத்தானே! மொட்டை மாடியில வச்சுத் தின்னுட்டு, இலையை அந்தப் பக்கமே எறிஞ்சிருவானுவ. அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பா.”

வண்டி தென்காசிச் சாலையில் திரும்பியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடச் சொன்னார், வாசனை போகட்டும் என்று.