முடிச்சும் முதலும்: அரிமட்சுச் சாயத்தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யப்பானிய ஓவியரான ஹிரோஷிகே 1830களிலே தோக்கைடோப் பெருவீதியின் தங்குமிடங்களை ஒவ்வொன்றாகத் தீட்டினார். அவற்றுள் நருமி என்னும் தங்குமிடத்துக்குரிய படத்திலே மலையோ கோயிலோ முதன்மை பெறவில்லை. சாயத்துணிக் கடைகளே முதன்மை பெறுகின்றன. கடைகளிலே துணிகள் தொங்க, பயணிகள் அவற்றைக் கடந்து செல்கின்றனர். தங்குமிடம் நருமியாயினும் துணி அயலிலுள்ள அரிமட்சு என்னுஞ் சிற்றூருக்குரியது. அச்சிற்றூர் இத்துணையளவு புகழ் பெற்றதெவ்வாறு என்பதும், அப்புகழின் பயனை நுகர்ந்தோர் யாவர் என்பதும் ஒருங்கே ஆராயத்தக்கன.

இத்தொழிலை யப்பானியர் 'ஷிபொரி' என்பர். பிழிதல், இறுக்குதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல் இது. துணியைக் கிள்ளி நூலாற் கட்டியோ, தைத்துச் சுருக்கியோ, மடித்து இறுக்கியோ சாயத் தொட்டியில் அமிழ்த்துவர். இறுக்கிய இடத்திற் சாயம் ஏறாது; நூலை அவிழ்த்ததும் வெள்ளைக் கோலம் வெளிப்படும். மதுரைச் சுங்குடிச் சேலையின் புள்ளிகளைக் கண்டோருக்கு இதன் அடிப்படை புதிதன்று. எனினும், முடிச்சு என்ற ஒன்றினின்றே நூற்றுக்கு மேற்பட்ட கோலவகைகளைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரிட்டு வளர்த்தமை அரிமட்சுவின் தனிச்சிறப்பாகும்.

இச்சிறப்புக்கு அழகுணர்ச்சியை மாத்திரம் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. தொக்குகாவா ஆட்சியாளர் 1601இல் தோக்கைடோப் பெருவீதியை ஒழுங்குபடுத்தினர். நருமிக்கும் சிரியூவுக்கும் இடைப்பட்ட பகுதி ஆளரவமற்ற காடாயிருந்தமையால், வழிப்போக்கரின் பாதுகாப்புக் கருதி 1608இல் ஒவாரி அரசு அங்கே குடியேற்றத்தை ஊக்குவித்தது. வந்து குடியேறியோர் சிலரே. நிலமோ வேளாண்மைக்கு ஏலாதது. ஆகவே வயல் தராததை வீதியினின்று பெறவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. 1610இல் நகோயாக் கோட்டை கட்டப்பட்டபோது தெற்கே பூங்கோ நாட்டிலிருந்து வந்த வேலையாட்கள் முடிச்சுச் சாயமிட்ட துவாலைகளை வைத்திருந்தனர் என்றும், குடியேறியோருள் ஒருவரான தக்கேதா ஷோகுரோ அவற்றைக் கண்டே இத்தொழிலைத் தொடங்கினார் என்றும் மரபுரை கூறும். பருத்தி அயற்பகுதிகளில் விளைந்தது, நீலச்சாயமும் கிடைத்தது. பயணி மடித்து மடியில் வைத்துக்கொள்ளத்தக்க துவாலையும் கழுத்துத்துணியுமே முதலில் விலைபோயின. கியோத்தோவின் பட்டிலே மான்குட்டிப் புள்ளிபோல் நெருக்கமாக முடிச்சிட்ட ஆடைகளைச் செல்வர் அணிந்தனர். அவ்வாடம்பரத்தை 1683இல் அரசு தடைசெய்தது. அரிமட்சுவின் பருத்தித் துணியோ வழிநடப்போர் வாங்கும் பொருளாகவே வளர்ந்தது.

மரபுரையின் மற்றொரு பகுதி ஊன்றி நோக்கற்பாலது. பூங்கோவைச் சேர்ந்த மியுரா என்னும் மருத்துவர் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வந்து தங்கினார். அவருடைய மனைவி ஊர்ப்பெண்களுக்குப் புதிய முடிச்சுமுறையொன்றைக் கற்பித்தார். நூலை ஒருமுறை சுற்றி, முடியாமலே இறுக்கிவிடும் அம்முறை விரைவானது. இன்றும் 'மியுரா ஷிபொரி' என வழங்குவது. கற்பித்தவர் மனைவி, முறைக்கு வாய்த்ததோ கணவரின் குடிப்பெயர். மரபுரையும் அப்பெண்ணை 'மருத்துவரின் மனைவி' என்றே குறிக்கின்றது. வணிகரின் பெயரைப் பேணிய வரலாறு முடிச்சிட்டவர் பெயரைப் பேணாமை தற்செயலன்று. தொழிலின் அமைப்பே அத்தகையது. வணிகர் துணியை வீடுதோறும் அனுப்புவர். பெண்கள் கட்டிக் கொடுப்பர். ஒருத்தி பெரும்பாலும் ஒரு முறையையே பயின்று வாழ்நாள் முழுதும் அதையே செய்வாள். பல முறைகள் கலந்த ஒரு துணி பல வீடுகளுக்குச் சென்று மீளும். ஆதலால் முழுத்துணியையும் தனதென்று கூறும் உரிமை வணிகருக்கே எஞ்சியது.

ஒவாரி அரசு அரிமட்சு வணிகருக்குத் தனியுரிமை வழங்கிக் காத்தது. அதே முடிச்சை அயலூரார் இட்டாலும் விற்பனை அரிமட்சுவின் வழியே நடைபெறவேண்டியிருந்தது. நருமியார் மனக்குறை கொண்டதில் வியப்பில்லை. 1784இல் பெருந்தீ ஊரை அழித்தது. மீளக் கட்டியோர் வைக்கோற் கூரையை விடுத்து ஓடு வேய்ந்தனர். சுவர்களுக்குத் தடித்த சுண்ணச்சாந்து பூசினர். இன்று காண்போர் வியக்கும் அவ்வீதி மாளிகைகள் வணிகர் இல்லங்களே. முடிச்சிட்டோரின் குடில்களைக் காண எவரும் அங்கே செல்வதில்லை.

மெய்ஜி ஆட்சியில் 1871இல் நிலமானியப் பிரிவுகள் ஒழிந்தன; பழைய பாதுகாப்பும் மறைந்தது. 1889இல் தோக்கியோவிலிருந்து கோபே வரை புகையிரதப் பாதை நிறைவுற்றபோது கால்நடைப் பயணியும் குறைந்தான். வாங்குவோர் வீதியில் வாராதபோது விரைவாகவும் மலிவாகவும் செய்து வெளியூருக்கு அனுப்பவேண்டியதாயிற்று. 1880ஐ அண்டிச் சுசுகி கனெசோ புகுத்திய 'அராஷி' முறை இதற்கு உதவியது. நீண்ட மரக்கம்பத்திலே துணியைச் சுற்றி, அதன்மேல் நூலை வரிந்து, ஒரு முனைக்குத் தள்ளிச் சுருக்கிச் சாயமிடுவர். சாய்ந்த மழைத்தாரை போன்ற கோடுகள் தோன்றுதலால் அதற்குப் 'புயல்' என்னும் பெயர் ஏற்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கூலி உயர, முடிச்சுவேலை கடல் கடந்து கொரியாவுக்கும் பின்னர் சீனத்துக்கும் சென்றது. அங்கும் வீட்டுப் பெண்களே கட்டினர். 1975இல் யப்பானிய அரசு இதனை மரபுவழிக் கைத்தொழிலாக அறிவித்தபோது பழைய முறைகள் சில ஓரிருவர் கையிலேயே எஞ்சியிருந்தன. 1983இல் யோஷிக்கோ வாடாவும் பிறரும் எழுதிய ஆங்கில நூல் இம்முறைகளை மேனாட்டாருக்கு விரிவாக விளக்கியது.

அமெரிக்க நெசவாளரான கத்தரின் எல்லிசு 2005இல் நூலாக வெளியிட்ட 'நெசவு ஷிபொரி' இவ்வரலாற்றின் அண்மைக் கிளையாகும். அரிமட்சுவிலே துணி நெய்த பின்னரே இழுப்பு நூலைத் தைப்பர். இங்கோ தறியிலிருக்கும்போதே துணியின் ஊடைக்கிடையே மேலதிக நூல்கள் கோலத்துக்கேற்ப ஓட்டப்படுகின்றன. தறியினின்று இறக்கியபின் அந்நூல்களை இழுத்துக் கட்டினால் துணி மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கும். சாயமிட்டு உலர்த்தி, நூலை உருவி எறிவர். கழுத்துத்துணி போன்ற சிறு துணிகளுக்கு இது பெரிதும் பொருந்துவது. நெய்தல், இறுக்குதல், சாயமிடல் ஆகிய மூன்றையும் ஒருவரே செய்ய இயலுவதால், துணியின் ஓரத்தில் நெய்தவர் தம் பெயரைப் பொறித்து விற்கலாம். அரிமட்சுப் பெண்களுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை.