பெற்றோர் கூடும் இடம்: ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களும் ஊரின் துணையும்

பெரம்பலூரிலிருந்து துறையூருக்குப் போகும் சாலையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரும்பலூரில், சின்ன வெங்காயத்தைப் பிடுங்கிப் பட்டறை போடுவதற்கு முந்திய நாட்களில், பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து தாளை அரிந்துகொண்டிருப்பது வழக்கமான காட்சி. அப்படிப்பட்ட ஒரு திண்ணையில், ஐந்து வயதுக்கு மேல் மதிக்க முடியாத சிறுவன் ஒருவன், அரிந்து போட்ட வெங்காயங்களில் ஒரே பருமனுள்ளவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, சுவரோரமாக நூல் பிடித்தாற்போல அடுக்கிக்கொண்டிருந்ததை ஒருமுறை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொல்லி அழைத்தால் அவன் திரும்பவில்லை. வரிசையில் ஒரு வெங்காயத்தை யாராவது நகர்த்திவிட்டால் மட்டும் வீறிட்டு அழுதான். "அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான், இவனும் பேசிருவான்" என்று அப்பாயி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். தாய் தலை நிமிராமல் தாளை அரிந்துகொண்டேயிருந்தாள். அவளுடைய அந்த மௌனமே இக்கட்டுரைக்கு முதற்காரணம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நம் நாட்டில் சட்டம் உண்டு, திட்டம் உண்டு, தேர்ந்த நிபுணர்களும் உண்டு. ஆயினும் இவை யாவும் அத்திண்ணையை வந்தடைவதில்லை. வந்தடையச் செய்யக்கூடிய சாதனம், அதே நிலையிலுள்ள பெற்றோர்கள் தங்கள் ஊருக்கு அருகிலேயே, குறித்த நாளில், குறித்த இடத்தில் கூடிப் பேசும் ஒரு சபையே என்பதும், அத்தகைய சபைக்கு வேண்டிய அனுபவம் தமிழ்நாட்டிலேயே நெடுநாளாகத் திரண்டிருக்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் மனநோய் வைத்தியரான ப்ளாய்லர் 1911இல் வேறொரு நோயின் அறிகுறிக்கு வழங்கிய பெயரை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது எடுத்தாண்டார். அதுவே ஆட்டிசம் என நிலைத்தது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்போர் உண்டு. அரசாங்க ஏடுகளில் புற உலகச் சிந்தனையற்றோர் என்னும் தொடரும் காணப்படுகிறது. இவ்விரண்டாவது தொடரை நான் ஏற்கவில்லை. பேருந்தின் காற்று ஒலிப்பான் கேட்டதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு இருக்கைக்கு அடியில் ஒடுங்கும் குழந்தைக்குப் புற உலகம் இல்லாமற் போய்விடவில்லை. நமக்கு ஒரு பங்காகப் படும் உலகம் அதற்குப் பத்துப் பங்காகப் படுகிறது. குழந்தையின் வேதனையைப் புறக்கணிப்பாக மாற்றிக் கூறும் பெயர், தாயைப் பார்க்கும் ஊரின் பார்வையையும் கெடுத்துவிடும். ஆகையால் பெற்றோர்கள் தாமே வழங்கும் ஆட்டிசம் என்ற சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

தாயின் மேல் குற்றம் சுமத்துவது நம் ஊர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கானரே தம் பிற்காலக் கட்டுரைகளில், இக்குழந்தைகளின் பெற்றோர் குளிர்ந்த மனம் படைத்தவர் என்ற கருத்துக்கு இடங்கொடுத்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலில் அதனை ஒரு சித்தாந்தமாகவே நிறுவ முயன்றார். அதை உடைத்தவர்களில் முன்னின்றவர்கள் பெற்றோர்களே. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு, இது உடலியல் சார்ந்ததென்று 1964இல் நூல் எழுதி, அடுத்த ஆண்டே பெற்றோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1962இல், இங்கிலாந்தில் பெற்றோர் சிலர் சேர்ந்து சங்கம் கண்டனர். அவர்களுள் ஒருவரான லோர்னா விங் தாயாகவும் வைத்தியராகவும் இருந்து இத்துறையின் இலக்கணத்தையே மாற்றியவர். 1969இல் அமெரிக்கப் பெற்றோர் சங்கத்தின் கூட்டத்தில் கானர் நேரில் தோன்றி, பெற்றோர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். இந்தியாவிலும் வரலாறு வேறு விதமாக நடக்கவில்லை: டெல்லியில் 1991இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கிய மெரி பருவா ஒரு தாய். தமிழில் இவ்விஷயத்தை எளிய நடையில் எழுதிப் பரப்பிய எஸ். பாலபாரதி ஒரு தந்தை.

குரும்பலூரிலோ குற்றப் பத்திரிகை இன்னும் திரும்பப் பெறப்படவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள், நேர்த்திக்கடனை மறந்தாள், கைப்பேசியைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தாள் என்று காலத்துக்குக் காலம் சரத்து மாறுகிறதேயன்றி, பிரதிவாதி மாறுவதில்லை. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும் தாய், வேண்டுதலோடு இந்தப் பழியையும் சுமந்தே போகிறாள். அவளுடைய பக்தியைக் குறைகூற எனக்கு மனம் வராது. மனத்தைத் திறந்து பேச அவளுக்கு வாய்த்த இடம் அச்சந்நிதி ஒன்றுதான் என்பதே என் துயரம்.

குடும்பத்தைச் சிகிச்சைக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துக்கொள்ளும் முறையில் நம் நாடு முன்னோடி என்பது பலர் மறந்த செய்தி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்துக்குள்ளேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். 1957இல் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தார் உடன் தங்குவது நியமமாயிற்று. அம்மரபில் வந்ததே குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து தங்கிப் பயிற்சி பெறும் அங்குள்ள பிரிவு. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரை அங்குள்ள ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, பத்து வாரங்கள், ஒரு பிரிவினருக்கு விரிவுரையும் மற்றப் பிரிவினருக்குத் தமக்குள் கேட்டும் சொல்லியும் கற்கும் குழுக் கூட்டமும் நடத்தி, அதன் பலனை 1999இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் வெளியிட்டனர். குழுவாகக் கூடிப் பேசிய பெற்றோரிடம், குழந்தை வளர்ப்பு நோக்கு, குறைபாட்டைப் பற்றிய அறிவு, அன்றாடம் குழந்தையைக் கையாளும் விதம் ஆகிய மூன்றும் தெளிவாக உயர்ந்தன. ஆனால் குறைபாடு என்பதன்மேல் அவர்களுக்கிருந்த அடிப்படை மனப்பான்மை மட்டும் மாறவில்லை.

இந்த முடிவின் பிற்பகுதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அதனைத் தோல்வியாகக் கொள்ள வேண்டியதில்லை. குறைபாட்டைப் பற்றிய மனப்பான்மை தனியொரு தாய்க்குச் சொந்தமானதா? மாமியாரும், அண்டை வீட்டாரும், பள்ளிக்கூடத்து வாயிலில் நிற்பவரும் சேர்ந்து அவளுள் விதைத்தது அது. அவர்களில் ஒருவரும் வேலூர்க் கூட்டத்தில் உட்காரவில்லை. பத்து வாரம் கழித்து அவள் திரும்பி வந்தது அதே தெருவுக்கு. எனவே, ஆஸ்பத்திரியில் சில வாரம் நடந்து முடியும் கூட்டம் கைத்திறனைத் தரும்; தெருவில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் கூட்டமே தலைநிமிர்வைத் தரும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

கைத்திறனும் அற்பமன்று. கோவாவின் சங்காத் ஸ்தாபனமும் பாகிஸ்தானின் ராவல்பிண்டி ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், 65 குழந்தைகள் பங்குகொண்டனர். மருத்துவப் பட்டமில்லாத ஊழியர்கள் வீடு தேடிச் சென்று, பன்னிரண்டு அமர்வுகளில், தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம்பிடித்துக் காட்டி, அதில் எது நன்றாக வந்ததென்று தாயையே சொல்லச் செய்தார்கள். குழந்தையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே தாய் போய்ச் சேர்வதுதான் அம்முறையின் சாரம். அவ்வாறு பழகிய தாய்மாரோடு குழந்தைகள் தாமாகவே உறவாடத் தொடங்குவது மிகுந்தது. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பராமரிப்பாளர் பயிற்சியும் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது. அதனை நடத்தவும் நிபுணர்தான் வேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தோற்றுவித்த அமர் சேவா சங்கம், சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த பெண்களையே பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பி, ஆரம்பநிலைப் பயிற்சியைத் திண்ணைக்கே கொண்டுசேர்த்துக் காட்டியிருக்கிறது. ஆய்க்குடியில் நடந்தது குரும்பலூரில் நடவாது என்பதற்குக் காரணம் ஒன்றும் எனக்குப் புலப்படவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் முதன்முதலாக அதனைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இடையீட்டுச் சேவை மையம், சிகிச்சைப் பயிற்சிக்கும் உதவுகிற, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா காப்பீடு, தமிழ்நாட்டரசின் விழுதுகள் மையங்கள் என ஏற்பாடுகள் பல. ஆனால் பெரம்பலூர் மாவட்டத்தில், ஒரு சான்றிதழுக்காக மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு அலையும் கூலிக்காரத் தாய்க்கு மூன்று நாள் கூலி போகிறது. பேருந்தில் பிள்ளை அலறும்போது, "புள்ள வளக்கத் தெரியாதவளெல்லாம் ஏன் கூட்டியாற" என்ற சொல்லையும் அவள் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தக் கிழமையில் எந்த வைத்தியர் வருவார், எத்தனை நிழற்படம் வேண்டும், எந்தக் காகிதத்தின் நகலை மறந்தால் திருப்பியனுப்புவார்கள் என்பதையெல்லாம் அறிந்தவள் யார்? சென்ற ஆண்டு அதே அலைச்சலை அலைந்த இன்னொரு தாய். அவளிடமுள்ள இந்த ஞானம் எந்த அரசாங்கக் கையேட்டிலும் அச்சாகவில்லை.

1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் பலர் கவனியாத ஒரு வழி திறந்திருக்கிறது. பதினெட்டு வயதைத் தாண்டிய ஆட்டிசப் பிள்ளைக்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்கும் உள்ளூர்நிலைக் குழுவில், மாவட்ட நிர்வாக அதிகாரியோடும் மாற்றுத்திறனாளர் ஒருவரோடும், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் இடம்பெற வேண்டும். அவ்வாறு பதிவுபெறத் தகுதியுள்ளவற்றுள் பெற்றோர் சங்கத்தையும் அச்சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி ஒரு சங்கம் அமைக்க ஏழு பேர் போதும். உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அண்மை மதிப்பீடு. அக்கணக்கை நம் பக்கத்துக்குப் பொருத்தினால், ஆயிரம் குழந்தைகளுள்ள ஊர்வட்டாரத்தில் ஏழெட்டு வீடுகளில் இக்குழந்தைகள் இருக்கக்கூடும். ஆக, சங்கத்துக்கு வேண்டிய பெற்றோர் ஒரே வட்டாரத்தில், ஒருவரையொருவர் அறியாமல், தத்தம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஏற்கெனவே சுமை தாங்காத தாய்மாரிடமே சங்கம் நடத்தும் பொறுப்பையும் ஏற்றிவிட்டு, அரசாங்கம் கைகழுவிக்கொள்ளாதா? இது வலுவான ஆட்சேபம். இதனை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். பேச்சுப் பயிற்சியாளருக்குப் பதிலாகப் பெற்றோர் கூட்டம் என்று யாரேனும் கூறுவாராயின், அவர் குழந்தைக்கு அநீதி செய்பவரே. ஆனால் கேட்பவர் கூட்டமாக இல்லாத இடத்தில் பயிற்சியாளர் பதவி காலியாகவே கிடப்பதும் அனுபவம். தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பிற்காலத்தில் மாநிலமெங்கும் பரவியபோது, வங்கி மேலாளரின் முன் தனியாக நிற்க நடுங்கிய பெண்கள் பன்னிரண்டு பேராகச் சென்று உட்கார்ந்து கேட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். வட்டாரத்துக்கு ஒரு பயிற்சியாளர், மாதம் இருமுறை கூட்டத்துக்கே நேரில் வரவேண்டும், பயணப்படியும் அன்றைய கூலிக்கு ஈடும் தரப்பட வேண்டும் என்ற கோரிக்கையைப் பன்னிரண்டு பேர் வைக்கும்போதுதான் அதற்கு எடை உண்டாகும்.

தந்தையரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லப்பைக்குடிக்காடு முதலான ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் பலர். மாதந்தோறும் பணம் வருகிறது, மனிதர் வருவதில்லை. அனுப்பிய பணம் எங்கே செலவாகிறதென்பதில்தான் ஆபத்து. குருத்தணுச் சிகிச்சையால் ஆட்டிசம் மறையுமென்று லட்சக்கணக்கில் வாங்குவோர் இருக்கிறார்கள். அச்சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத் தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இல் கூறியதை அக்குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆள் இல்லை. கூட்டத்தில் ஒருத்தி, "நாங்களும் நகைய வித்துப் பாத்தோம் அக்கா, ஒண்ணும் ஆகல" என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியம் எத்தனை வீட்டு நகையைக் காப்பாற்றும்!

அத்திண்ணைக்கு மறுபடி போனது வெங்காயம் பட்டறைக்குப் போய்விட்ட பருவத்தில். பெரம்பலூரில் யாரோ ஒரு தாயைத் தற்செயலாகச் சந்தித்துப் பழகியதாகச் சிறுவனின் தாய் சொன்னாள். இருவரும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்களாம். சிறுவன் மக்காச்சோள மணிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். தாய் அவன் பக்கத்தில் தரையில் படுத்தவாறே, அவனைக் கூப்பிடாமல், வரிசையின் நுனியில் தன் பங்குக்கு ஒரு மணியை வைத்தாள். அவன் அதை எடுத்தெறியவில்லை. நேராக்கி வைத்துவிட்டு, ஒரு கணம் அவள் கையைப் பார்த்தான். பிறகு குவியலிலிருந்து இன்னொரு மணியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "இப்பத்தான் கொடுக்குறான், ரெண்டு மாசமா" என்றாள் அவள், இம்முறை என் முகத்தைப் பார்த்தபடி.