ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?

பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரில், 1681ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவன்று, இளம் குரு ஒருவரின் இல்லத்துக்குள் ஏழைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் குடிபுகுந்தனர். அழைத்தவர் ஜான் பப்திஸ்த் தெ லாசால். அப்போது அவருக்கு வயது 30. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தின் மூத்த மகன். பேராலயத்தில் நிலையான வருவாயுள்ள கானன் பதவி வகித்தவர். உறவினர் கொதித்தெழுந்தனர். ஏழைச் சிறுவருக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர் என்றால், வேறு பிழைப்புக்கு வழியில்லாதவர், பேச்சிலும் நடத்தையிலும் பண்படாதவர் என்பதே அக்காலத்து எண்ணம். அத்தகையோரைக் குடும்பத்தின் உணவு மேசையில் அமர்த்துவதா? குருவுடன் வாழ்ந்த தம்பியருள் சிலரை உறவினர்கள் அவரிடமிருந்து பிரித்தும் விட்டனர்.

ஆசிரியர் கல்வியின் வரலாற்றை அறிஞர்கள் சட்டங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் தொடங்குவதுண்டு. எனக்கோ அது அந்த வாசற்படியில் தொடங்குவதாகவே தோன்றுகிறது. நல்ல ஆசிரியர் வேண்டும் என்று சொல்லாத சமுதாயம் இல்லை. அவரை உருவாக்குவதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்பதே ஒவ்வொரு காலத்திலும் எழுந்த கேள்வி. அதற்கு வரலாறு தந்த இரு மறுமொழிகளை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முதல் மறுமொழி லாசாலுடையது. அதை அவர் விரும்பித் தேடிக்கொள்ளவில்லை. 1679ஆம் ஆண்டு, ரூவான் நகரிலிருந்து அத்ரியன் நியேல் என்ற பொதுநிலையினர் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்க ரீம்சுக்கு வந்தார். அவருக்கு உதவப்போய் லாசால் இப்பணிக்குள் ஈர்க்கப்பட்டார். பள்ளிகள் பெருகின, ஆனால் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட எவருமில்லை. முதலில் அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தார்; பின்னர்த் தம் மேசையில் உணவளித்தார்; இறுதியில் தம் இல்லத்திலேயே இடமளித்தார். தொடக்கத்தில் அவர்களைத் தம் ஏவலாளுக்கும் கீழாகவே கருதியதாக அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். புனிதர்களும் படிப்படியாகத்தான் கற்கிறார்கள்.

நாளைய உணவைப் பற்றி ஆசிரியர்கள் கவலையுற்றபோது, இறைப் பராமரிப்பை நம்புமாறு அவர் அறிவுரை கூறினார். அவர்களோ, பதவியும் பரம்பரைச் சொத்தும் உடைய உமக்கு அப்படிச் சொல்வது எளிது, எங்களுக்குப் பள்ளி போனால் பிச்சைதானே என்ற பொருள்பட மறுமொழி கூறினர். அச்சொல் அவரைத் தைத்தது. 1683இல் கானன் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த கடும் பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு அப்பமாகப் பகிர்ந்தளித்தார். ஆசிரியருக்குப் போதிக்க வேண்டுமானால் ஆசிரியரின் நிலையில் நின்றே போதிக்க வேண்டும் என்பதை, அவருக்கு அந்த ஆசிரியர்களே கற்பித்தனர்.

1685ஆம் ஆண்டளவில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களை உருவாக்கவென்றே ரீம்சில் ஒரு பயிலகம் தொடங்கினார். லியோன் நகரில் ஷார்ல் தெமியா என்ற குருவும் இத்தகைய முயற்சியை முன்னரே மேற்கொண்டிருந்தார். 1699இல் பாரிசில் லாசால் தொடங்கிய பயிலகத்தை ஒட்டியே ஒரு பள்ளியும் நடந்தது. பயில்வோர் அங்கே உண்மையான சிறுவர்கள் முன் நின்று பாடம் நடத்திப் பழகினர். ஒவ்வொரு சிறுவனையும் தனித்தனியே அழைத்துக் கற்பித்த பழைய முறை மாறி, வகுப்பு முழுவதற்கும் ஒருங்கே கற்பிக்கும் முறை பரவியது. இலத்தீனில் தொடங்காமல், தாய்மொழியான பிரெஞ்சிலேயே வாசிப்பு தொடங்கியது.

லாசாலும் அவருடைய சகோதரர்களும் வகுப்பறை அனுபவத்தைத் திரட்டி எழுதிய பள்ளி நடைமுறை நூலின் கையெழுத்துப் படி 1706ஆம் ஆண்டளவில் உருவானது. புதிய ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போருக்கான பகுதி ஒன்றும் அதனைச் சேர்ந்தது. புதியவரிடமிருந்து எவற்றை அகற்ற வேண்டும் என்ற பட்டியல் அதில் உண்டு: பேச்சு வேட்கை, பதற்றம், கடுமை முதலியன. மாணவனைத் திருத்துமுன் ஆசிரியர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. 1719இல் லாசால் மறைந்தார். 1900இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆசிரியர் அனைவரின் பாதுகாவலராக அறிவித்தார்.

இரண்டாம் மறுமொழி பிறந்த இடம் நமக்கு மிக அருகில் உள்ளது. அது நம் சென்னை எழும்பூர். ஆங்கிலிக்கன் குருவான ஆண்ட்ரூ பெல், 1789இல் அங்கிருந்த இராணுவ ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகள் அங்கே பயின்றனர். ஒருநாள் அவர் ஒரு ‘மலபார்’ பள்ளியைக் கண்டார்; தமிழரை அக்காலத்து ஆங்கிலேயர் அவ்வாறே அழைத்தனர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தனர். காகிதமும் மையும் தேவைப்படாத அம்முறை அவர் மனத்தைக் கவர்ந்தது. தம் பள்ளியிலும் அதனைப் புகுத்த முயன்றார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் அதைச் செவ்வனே நடத்திக் காட்டினான்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளையை யார் அறியார்? கற்பிக்கும் பிள்ளையின் அறிவும் அதனால் உறுதிப்படுகிறது என்பதை, பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல் 1823இல் தம் அறிக்கையில் வியந்து பாராட்டினார். ஆயினும் சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் எப்போதும் ஓர் அண்ணாவி அமர்ந்திருந்தார். பிள்ளை அவருக்குத் துணையாக நின்றானேயன்றி, அவருக்கு மாற்றாக நிற்கவில்லை.

பெல் 1797இல் இங்கிலாந்தில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் இதையொத்த முறையைப் பரப்பினார். ஒரே ஆசிரியர், சட்டாம்பிள்ளைகளின் துணையால், ஆயிரம் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாம் என்ற முழக்கம் எழுந்தது. ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது பல நாடுகளுக்கும் சென்றது. பள்ளியையே காணாத பல்லாயிரம் ஏழைப் பிள்ளைகள் அதனால் எழுத்தறிந்தனர். அந்நன்மையை மறைப்பது நன்றியன்று. ஆனால் அரசுகளும் புரவலர்களும் அதனை விரும்பியதற்குத் தலையாய காரணம், அது மலிவானது என்பதே. எழுத்தையும் எண்ணையும் ஒப்புவிக்கச் செய்யச் சிறுவனால் முடிந்தது. ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல அவனால் இயலவில்லை.

இதே சென்னை மாகாணத்தில் ஒருவர் நோயின் வேரைக் கண்டார். ஆளுநர் தாமஸ் மன்றோ, 1826ஆம் ஆண்டு மார்ச் மாதக் குறிப்பில், ஆசிரியர்கள் பொதுவாக மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை, தகுதியுடையோரை இத்தொழிலுக்கு ஈர்க்க இது போதாது என்று எழுதினார். ஆசிரியர்களைச் சென்னையில் பயிற்றுவித்து மாவட்டங்களுக்கு அனுப்பவும் திட்டமிட்டார். மறு ஆண்டே வாந்திபேதியால் அவர் மறைந்தார். அவர் கனவு கண்ட தாலுகாப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன.

இங்கிலாந்தும் மெல்லத் திரும்பி வந்தது. ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் என்று பின்னாளில் அறியப்பட்ட மருத்துவர், சுவிட்சர்லாந்தின் ஆசிரியர் பயிலகங்களைக் கண்டு வந்து, 1840இல் பாட்டர்சீயில் ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1846இல் அவர் முயற்சியால் வந்த திட்டம், 13 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டுகள் தலைமையாசிரியரிடம் பயிலும் மாணவ ஆசிரியர்களை உருவாக்கியது. அவர்களுள் தேர்ந்தோர் உதவித்தொகையுடன் கல்லூரிக்குச் சென்றனர். ஆயினும் 1862இல் வேறொரு விதி வந்தது. பிள்ளைகளின் தேர்ச்சியை எண்ணிப் பள்ளிகளுக்குப் பணம் அளக்கப்பட்டது. மாணவ ஆசிரியர்களின் தொகை குறைந்தது; மனப்பாடம் கோலோச்சியது. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ அர்னால்டு அதனை வன்மையாகக் கண்டித்தார். அம்முறை ஒழிய 1890கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

விலையைக் கொடுக்க முன்வந்த நாடுகளும் உண்டு. பின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்ற லூத்தரன் குரு, 1863இல் யூவாஸ்கூலாவில் பின்னிய மொழியிலான முதல் ஆசிரியர் பயிலகத்தை நிறுவினார். 1970களில் அந்நாடு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கல்வியையும் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. 1979 முதல் அதனை முதுகலைத் தரத்துக்கு உயர்த்தியது. சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கற்பிப்பவருக்குக் குறைந்த படிப்பு போதும் என்ற எண்ணத்தை அது தூக்கி எறிந்தது. சப்பானிலோ, பயிற்சி பட்டத்தோடு முடிவதில்லை. ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் நடத்த, மற்றவர் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பர். பின்னர் அமர்ந்து கலந்தாய்வர். குறை காணப்படுவது பாடத்தில், நடத்தியவரிடத்தில் அன்று. மெய்ஜி காலத்தில் வேர்கொண்ட இம்மரபு இன்றும் அங்கு உயிரோடிருக்கிறது.

வரலாற்றை இங்கே நிறுத்தி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றியபோது, பள்ளித் தாளாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. காலியான ஆசிரியர் இடம் நிரப்பப்படாமல் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இளம்பெண்ணைச் சொற்ப ஊதியத்தில் அமர்த்தி, இரண்டு வகுப்புகளை ஒப்படைத்தேன். முதல் வாரத்திலேயே அவள் வந்து, “சாமி, பாடம் எப்படி நடத்துறதுன்னு யாராவது சொல்லித் தருவாங்களா?” என்று கேட்டாள். “போகப் போகப் பழகிடும்மா” என்று சொல்லி அனுப்பினேன். ஓராண்டு முடியுமுன் அவள் விலகிவிட்டாள். அந்தப் பிள்ளைகளில் பலர் எழுத்துக் கூட்டத் தெரியாமலே மேல்வகுப்புக்குச் சென்றனர்.

எனக்கு வேளைக்கு உணவு இருந்தது; தலைக்கு மேல் கூரை இருந்தது. லாசாலிடம் அவருடைய ஆசிரியர்கள் சொன்னதை அவள் என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம். அனுபவமே கற்றுக்கொடுக்கும் என்று நான் கூறியது அறிவுரையன்று; என் செலவை அவள் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் இறக்கி வைத்த செயல்.

2030ஆம் ஆண்டுக்குள் உலகிற்கு மேலும் 4 கோடியே 40 இலட்சம் ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்தகைய பற்றாக்குறை வரும்போதெல்லாம் எழும்பூரின் எளிய மறுமொழி மீண்டும் வாசலில் வந்து நிற்கும். அன்று மணலும் சிறுவனும். இன்று ஒப்பந்த ஆசிரியரும் ஒளித்திரையும். துணையாக வருபவற்றை வரவேற்போம். அவை ஆசிரியருக்கு மாற்றாக வந்தால், அந்தச் செலவு மிச்சத்தை யார் ஈடு செய்கிறார்கள் என்று கேட்போம். ஒவ்வொரு முறையும் அதை ஈடு செய்பவர்கள் ஏழைப் பிள்ளைகளே.

நம் பங்குப் பள்ளிகளில் இந்த ஆண்டும் புதிய ஆசிரியர் ஒருவர் முதன்முறையாகக் கரும்பலகை முன் நின்றிருப்பார். அவருடைய வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க ஒரு மூத்த ஆசிரியர் வேண்டும். அம்மூத்தவருக்கு அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தரத் தலைமையாசிரியர் வேண்டும். அதற்கான செலவை முகம் சுளிக்காமல் ஏற்கத் தாளாளர் வேண்டும். ரீம்ஸ் நகரத்து இளம் குரு திறந்த கதவு அவ்வளவு பெரியதொன்றும் அன்று. ஒரு வீட்டின் வாசற்கதவுதான்.