எல்லைக்கு இருபுறமும் ‘மக்களே’

திருவனந்தபுரத்தைத் தாண்டி வடக்கே போகப் போக, மூத்தவரை ‘சேட்டா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை, வெள்ளறடைப் பக்கம் வந்தால் மலையாளம் பேசுகிறவர் வாயிலும் ‘அண்ணா’ என்றே வரும். வீட்டின் மூத்த பெண் ‘அக்கன்’. பிள்ளை ஒன்றே ஒன்றானாலும் ‘மக்களே’ என்று பன்மையில்தான் அழைப்பு. ஆணா பெண்ணா என்ற பேதமும் அதில் கிடையாது.

மாநிலக் கோடு வருவதற்கு முன்பே இந்தப் பேச்சு இங்கே இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே நிர்வாகத்துக்குள் கிடந்தன. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் பார்த்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையில் ஒரு பகுதியும் கிடைத்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. அருமனையிலிருந்து வெள்ளறடைக்குப் பெண் கொடுத்தவர்களுக்கு மகள் வீடு வேறு மாநிலமாகிப்போனது. ‘மக்களே’ மட்டும் இரண்டு பக்கமும் தங்கிவிட்டது. கிழக்கே நாகர்கோவில் பக்கத்தில் அது ‘மக்கா’ என்று சுருங்கி, ‘லே’யையும் சேர்த்துக்கொண்டு கூட்டாளிகளின் விளியானது.

ஆனால் கூப்பிடும் சொல் என்றாலே பாசம் என்று எண்ணிவிட முடியாது. இதே மண்ணில் அது பிறரை மிதிக்கும் கருவியாகவும் இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாறசாலை லண்டன் மிஷன் சபையின் முக்கியமான நிலையம். அந்தச் சபையின் சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூரின் அடிமைச் சாதியினர் பேசவேண்டியிருந்த முறையை 1871இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். அவர்கள் தம்மை ‘நான்’ என்று சொல்லக் கூடாது, ‘அடியேன்’ என்றே சொல்ல வேண்டும். தின்னும் சோறு ‘கரிக்காடி’. பெற்ற பிள்ளையைக் குரங்கு என்றோ கன்று என்றோ குறிப்பிட வேண்டும். நிலம் வைத்திருந்த வீட்டின் சிறுவன் தாத்தா வயதுக்காரரை ‘எடா’ என்று அழைக்கலாம். அவரோ அந்தச் சிறுவனை மரியாதைச் சொல்லால்தான் விளிக்க வேண்டும்.

1855இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமை அரசாணையாக வந்தது. 1888இல் நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில் சாதித் தடையை மீறி நாராயண குரு சிவலிங்கம் நிறுவினார். நாக்கு சட்டத்துக்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. பள்ளிக்கூடமும், கைக்கு வந்த கூலியும், ‘சாரே’ என்ற புது மரியாதையும்தான் அந்த ‘எடா’வின் பல்லைப் பிடுங்கின. அமெரிக்க அறிஞர்கள் பிரௌனும் கில்மனும் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாட்டை ஆராய்ந்து, அதிகாரத்தின் இடத்தைத் தோழமை பிடித்துக்கொள்கிறது என்றார்கள். இன்று வெள்ளறடையில் ஒருவர் ‘டேய்’ என்று கூப்பிட்டால், எதிரில் நிற்பது பெரும்பாலும் அவருடைய கூட்டாளி. அந்தச் சொல்லைக் கொடுத்தவரும் வாங்கியவரும் சமமானதால் வந்த மாற்றம் இது. இந்த ஊர்களின் வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க சங்கதி குறைவு.

வீட்டுக்குள் உறவுச் சொற்கள் வேறு கதை. 1964இல் வந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலில் நாயகி லிஸியின் தாத்தா ‘கண்ணப்பச்சி’. குமரி மாவட்டத்தில் ‘பாட்டா’வும், கோட்டுக்கு மேற்கே ‘அப்பூப்பன்’னும் உண்டு. குமரியின் புதுத் தலைமுறை ‘தாத்தா’ என்று பொதுவாகச் சொல்லப் பழகிவிட்டது. பாடப்புத்தகமும் தொலைக்காட்சியும் ஊர்ச் சொல்லைத் தின்பது இப்படித்தான். இது இழப்புத்தான், சமாதானம் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கேலிக்கு ஆளான தெற்கத்திப் பேச்சுக்கு 2005இல் ஒரு திருப்பம் வந்தது. ‘ராஜமாணிக்கம்’ மலையாளப் படத்தில் மம்மூட்டி இந்தப் பக்கத்து வட்டார வழக்கில் பேசினார். ‘எந்தரெடேய்’ கேரளம் முழுக்கப் பரவியது. வடக்கே அது சிரிக்கவைக்கும் வசனம். நெய்யாற்றின்கரைக்காரருக்கோ அது பக்கத்து வீட்டில் காலையில் கேட்கிற குரல்.

இப்போது பனச்சமூடு, களியக்காவிளை பக்கத்து இளைஞர்கள் மலையாள நண்பனை ‘அளியா’ என்கிறார்கள், தமிழ் நண்பனை ‘மச்சான்’ என்கிறார்கள். இரண்டும் மைத்துனன் முறைதான். முன்பின் தெரியாதவர் வந்து நின்றால் ‘ப்ரோ’. வயதானவர் வந்தால் இன்னும் ‘அண்ணா’ மாறவில்லை.