எஸ்குலின்

பால்கன் மலைநாடுகளைத் தாயகமாகக் கொண்டு, 16-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வியன்னாவின் தோட்டங்களை எட்டி, நாளடைவில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றின் சாலையோர நிழல்மரமாகிவிட்ட ஹார்ஸ் செஸ்ட்நட் என்னும் விருட்சத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் ரசாயன வஸ்து எஸ்குலின். கூமரின் வகுப்பைச் சேர்ந்த எஸ்குலெட்டின் என்னும் பொருளோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு பிணைந்து உண்டான குளுக்கோசைடு இது. 15 கரியணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் 9 ஆக்சிஜன் அணுக்களும் இதில் உள்ளன. இரத்தக் குழாய் நோய்களுக்கு மருந்தாகக் கொடுக்கப்படும் எஸ்கின் அம்மரத்தின் விதையிலிருந்து வரும் சாபோனின் கலவை. அதையும் எஸ்குலினையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வோர் உளர்.

இதன் கீர்த்தி முதலில் பரவியது, பின்னாளில் இது பயன்பட்ட கிருமிச் சோதனையாலன்று, ஒளியினால். பட்டையை நீரில் ஊறவைத்தால் அந்நீர் பகல் வெளிச்சத்தில் நீலமாகப் பிரகாசிக்கும். கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராயிருந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், கொய்னா உப்பின் கரைசலோடு இப்பட்டைக் கஷாயத்தையும் ஆராய்ந்து, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை இத்தகைய பொருள்கள் உட்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடுகின்றன என்பதை 1852-இல் நிரூபித்தார்.

பாக்டீரியாவியலார் கருத்தைக் கவர்ந்ததோ எஸ்குலின் சிதைவுறும்போது நிகழும் மாற்றமாகும். பீட்டா-குளுக்கோசைடேஸ் என்னும் நொதியை உடைய கிருமி எஸ்குலினைப் பிளந்து, குளுக்கோஸைத் தன் உணவாக்கிக்கொண்டு, எஸ்குலெட்டினை வெளியே விட்டுவிடும். வளர்ப்பு ஊடகத்தில் முன்கூட்டியே சேர்த்திருக்கும் ஃபெரிக் சிட்ரேட்டின் இரும்போடு அந்த எஸ்குலெட்டின் கூடியவுடன் ஊடகம் கரும்பழுப்பாக மாறிவிடும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும் கிருமிகளும் இரும்பைக் கறுக்கச் செய்யுமாதலால், ஆக்சிஜனின்றி வாழும் கிருமிகளைச் சோதிக்கையில் நிறத்தை மட்டும் நம்பலாகாது. அத்தருணத்தில் புற ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்து, நீலஒளி மங்கியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். எஸ்குலின் சிதையாதிருந்தால் ஒளி குன்றாது. பௌதிகத்தின் பழைய கண்டுபிடிப்பு இவ்வாறு பரிசோதனைச் சாலையில் சாட்சியாக வந்து நிற்பது விசேஷமே.

எஸ்குலினைப் பிளக்கும் கிருமிகள் அநேகம். ஆகவே அது மட்டும் போதாது. வேண்டாதவற்றைத் தடுத்து நிறுத்தும் ஒரு காவலும் தேவைப்பட்டது. அக்காவல் பித்தநீர். நிமோகாக்கஸ் போன்றவை பித்தநீரில் கரைந்தே போகும். குடலையே வாசஸ்தலமாகக் கொண்ட என்டரோகாக்கஸ் கிருமிகளோ அதைப் பொருட்படுத்தாமல் வளரும். தண்ணீரைச் சோதிப்பதற்காக எஸ்குலினையும் பித்த உப்பையும் ஒருசேரக் கலந்த ஊடகத்தை ஹாரிசனும் வான் டெர் லெக்கும் 1909-இலேயே வெளியிட்டிருந்தனர். 1924-இல் ரோஷே என்னும் பிரெஞ்சு அறிஞர் என்டரோகாக்கஸை இனங்காண எஸ்குலின் உதவும் என்றார். 1926-இல் மையரும் ஷோன்ஃபெல்டும் பித்தநீரைச் சேர்த்துப் பார்த்தபோது, 62 என்டரோகாக்கஸ் மாதிரிகளில் 61 வளர்ந்து எஸ்குலினைப் பிளந்தன. மற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களால் அது இயலவில்லை. இத்தனை தெளிவான முடிவு கையிலிருந்தும், அமெரிக்காவில் ஃபாக்லமும் மூடியும் 1970-இல் விரிவாக ஆராய்ந்து, என்டரோகாக்கஸும் அக்காலத்தில் அடங்கியிருந்த 'டி' தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களுக்குரிய ஆரம்பச் சோதனையாக இதை நிலைநாட்டும்வரை, அது எங்கும் பிரபலமாகாதது வியப்புக்குரியது.

இன்று அனுசரிக்கப்படும் முறை எளிது. 100 பங்கு ஊடகத்தில் உலர்ந்த மாட்டுப்பித்தம் 4 பங்கும், எஸ்குலின் ஒரு பங்கில் பத்தில் ஒன்றும், ஃபெரிக் சிட்ரேட் அதில் பாதியும் சேர்த்து, சோதனைக்குழாயில் சாய்வாக உறையவிட்ட அகாரின்மேல் கிருமியைத் தடவி, 35 பாகை வெப்பத்தில் 48 மணி நேரம்வரை வைத்திருப்பார்கள். சாய்தளத்தில் பாதிக்குமேல் கறுத்தால் சோதனை நேர்மறை. எனினும் க்ளெப்சியெல்லா, செராஷியா ஆகியவையும் பித்தத்தைத் தாங்கி எஸ்குலினைப் பிளப்பதால், கிராம் சாயமேற்றி உருவத்தைப் பார்த்த பிறகே இம்முடிவுக்கு மதிப்பு உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸும் இதே விடையைத் தருமாகையால், 100-க்கு 6.5 பங்கு உப்புள்ள ரசத்தில் வளர்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். என்டரோகாக்கஸ் வளரும், போவிஸ் வளராது. 1984-இல் என்டரோகாக்கஸ் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டபோதும் சோதனையின் பயன் குறையவில்லை.

பிற்காலத்தில் எஸ்குலின் வேறு காரியங்களுக்கும் பிரயோகமாயிற்று. பாலிலும் இறைச்சியிலும் மறைந்திருக்கும் லிஸ்டீரியாவைத் தேடும் ஆக்ஸ்போர்டு அகாரில், எஸ்குலினும் இரும்பும் சேர்ந்து அதன் திரளைகளைச் சுற்றிக் கருவளையம் இடுகின்றன. வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் 1988-இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வெளிப்பட்ட பின்னர், நோயாளிகளின் மலத்திலிருந்து அதைத் தேடிப்பிடிக்க, சோடியம் அசைடு சேர்ந்த பித்த-எஸ்குலின் அகாரில் மில்லி லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் வான்கோமைசினைக் கலந்து வளர்க்கும் முறை மருத்துவமனைகளில் கையாளப்பட்டு வருகிறது.