கிண்டி முதல் தாம்பரம் வரை: கணினிக்கு அறிவை எழுதிவைத்த கதை

செயற்கை நுண்ணறிவு என்றதும் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துத் தானாகக் கற்கும் இயந்திரங்களே இன்று நினைவுக்கு வருகின்றன. அதற்கு முந்தைய மரபு ஒன்று உண்டு. மனிதர் அறிந்ததை விதிகளாகவும் உறவுகளாகவும் எழுதிக் கணினியிடம் ஒப்படைக்கும் துறை அது. பெயர், அறிவுப் பிரதிநிதித்துவம். அதன் தமிழ்நாட்டு வரலாற்றின் முக்கியமான பகுதி தென்சென்னையிலேயே நடந்திருக்கிறது.

1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின், இரத்தத் தொற்றுக்கு மருந்து பரிந்துரைக்கச் சில நூறு விதிகளைக் கொண்டிருந்தது. விதிகளை நீக்கிவிட்டு, அவற்றை இயக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் வேறு துறைக்கும் பயன்படும் என்பது பிறகு புலப்பட்டது. ‘ஷெல்’ என்ற மென்பொருள் வகை பிறந்தது இப்படித்தான். 1980களில் இந்திய அரசு தொடங்கிய அறிவுசார் கணினித் திட்டத்தில் கிண்டிக்கு அருகிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யும் ஒரு மையம். அங்கு உருவான ‘ஏகலவ்யா’, சிறு குழந்தைகளின் நோய்க்குறிகளைக் கொண்டு சமூக சுகாதாரப் பணியாளருக்கு வழிகாட்டியது. வயிற்றுப்போக்கோடு கண்களும் குழிவிழுந்திருந்தால் நீரிழப்பு என்று சந்தேகி என்பது போன்ற விதிகளே இத்தகைய மென்பொருள்களின் உயிர்.

விதிகள் பெருகப் பெருக விலக்குகளும் பெருகின. பறவை பறக்கும் என்று எழுதிவிட்டால் தீக்கோழி அங்கே இடறுகிறது. பொதுப் பண்பை மேல்வகையில் வைத்து, விலக்கைக் கீழ்வகையில் குறிக்கும் ‘ஃபிரேம்’ என்ற வழியை மார்வின் மின்ஸ்கி 1974இல் முன்வைத்தார்.

அடுத்த கட்டம் குரோம்பேட்டையில். மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) வளாகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையத்தினர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக மொழியியலாளர் ச. இராசேந்திரனோடு சேர்ந்து தமிழ்ச் சொல்வலையை உருவாக்க முனைந்தனர். 2002இல் மைசூரில் நடந்த முதல் உலகச் சொல்வலை மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். 1985இல் பிரின்ஸ்டனில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட்தான் இதற்கு முன்னோடி. யானை ஒரு பாலூட்டி, பாலூட்டி ஒரு விலங்கு, தும்பிக்கை யானையின் உறுப்பு என்று சொற்பொருள்களை உறவால் கோத்தால், யானை விலங்கு என்பதை யாரும் சொல்லாமலே கணினி கண்டுகொள்ளும். தமிழுக்கு இது முற்றிலும் புதிதல்ல. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களை வகுத்த திவாகர நிகண்டு இதே வேலையைச் செய்யுளில் செய்திருக்கிறது. உறவுகளை வெளிப்படையாக எழுதியதுதான் சொல்வலையின் கூடுதல் பலம்.

குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். 2005இல் அங்கு திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சார்ந்த துறையில்தான், அறிவை எப்படி வகைப்படுத்தி எழுதுவது என்ற கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழுகிறது. குன்மம் என்ற வயிற்று நோயை எடுத்துக்கொள்ளலாம். வளிகுன்மம், அழல்குன்மம், ஐயகுன்மம், எரிகுன்மம் என எட்டு வகையாக அதைச் சித்தர் நூல்கள் பிரிக்கின்றன. ‘வயிற்றுப்புண்’ என்ற ஒரே குறியீட்டில் அடைத்தால் அந்தப் பிரிவினை அழிந்துவிடும். சிகிச்சைக்கு அடிப்படையே அந்தப் பிரிவினைதான். ஆயுஷ் அமைச்சகம் 2017இல் ‘நமஸ்தே’ தளத்தில் சித்த நோய்ப்பெயர்களுக்குத் தனிக் குறியீடுகளைத் தந்தது. உலக சுகாதார நிறுவனம், தன் சர்வதேச நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11இல் ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கான தொகுதியை 2024 ஜனவரியில் வெளியிட்டது. நவீனக் குறியீட்டோடு மரபுக் குறியீட்டையும் சேர்த்தே பதியலாம் என்ற ஏற்பாடு, இரண்டு அறிவையும் காக்கும் சரியான முடிவு.

இத்துறையில் புதிதாக நுழைபவருக்கு ஸ்டான்ஃபோர்டின் இலவச மென்பொருள் புரொட்டேஜே போதும். வகைகளையும் உறவுகளையும் எழுதுவதற்கென 2004இல் தரமாக ஏற்கப்பட்ட ஓ.டபிள்யூ.எல். மொழியில் அது இயங்குகிறது. முதலில் ‘நோய்’ என்றொரு வகை, அதனடியில் ‘குன்மம்’, அதனடியில் எட்டு உள்வகைகள் என்று தொடங்கலாம். வளி, அழல், ஐயம் ஆகிய முக்குற்றங்களைத் தனி வகையாக வைத்து, ‘மிகுந்த குற்றம்’ என்ற உறவால் நோயோடு இணைக்க வேண்டும். பிறகு, எழுதியவற்றிலிருந்து தானாக முடிவு காணும் ‘ரீசனர்’ என்ற பகுதியை ஓட்டினால் அது முரண்களைக் காட்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: எரிகுன்மமும் வளிகுன்மமும் வெவ்வேறு என்று தனியே எழுதாவிட்டால், ஒரே நோய் இரண்டாகவும் இருக்கலாம் என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.