வெடியா, நடுக்கமா?

நிலஅதிர்வுப் பதிவுத் தாள்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் நான். என்னைக் கேட்டால், இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியது பூகம்பம் அல்ல, அணுகுண்டுதான்.

1957 செப்டம்பரில் அமெரிக்கா நெவாடா மலைக்குள் 1.7 கிலோடன் குண்டை வெடித்தது, பெயர் ரெய்னியர். மறு ஆண்டே நிபுணர்கள் ஜெனீவாவில் கூடி, நிலத்தடி வெடிப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கண்காணிப்பு முறை ஒன்றில் உடன்பட்டார்கள், ஆனால் சர்ச்சை ஓயவில்லை. 1963 மாஸ்கோ ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீரடிச் சோதனைகளைத் தடுத்தது, நிலத்தடியை விட்டுவிட்டது.

அந்த ஓட்டையை அடைக்கக் கணக்கு வந்தது. பிரிட்டன் ஒத்துழைப்போடு 1965இல் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் இருபது நிலஅதிர்வுமானிகளை ஏறக்குறைய ‘ட’ எழுத்து வடிவில் பரப்பினார்கள். அலை ஒவ்வொரு கருவிக்கும் சற்று முன்பின்னாக வந்து சேரும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டிப் பதிவுகளைக் கூட்டினால் சமிக்ஞை இருபது மடங்காகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சலோ இருபதின் வர்க்கமூலம், அதாவது சுமார் நாலரை மடங்குதான் கூடும். காற்றும் லாரியும் அமுங்கிப்போகும்.

அடுத்தது அடையாளம்: வெடியா, பூகம்பமா? பூமிக்குள் ஊடுருவி வரும் உடல் அலையின் வலிமை அளவையும் மேற்பரப்பு அலையின் அளவையும் ஒரே வரைபடத்தில் குறிப்போம். உடல் அலை சமமாக இருந்தாலும், வெடிப்பில் மேற்பரப்பு அலை சிறுத்திருக்கும். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரியும்; கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் புள்ளியியல். வெடிப்பைத் தவறவிட்டாலும் வம்பு, பூகம்பத்தின் மேல் பழி போட்டாலும் வம்பு. சின்ன அதிர்வுகளில் கூட்டங்கள் கலந்துவிடும். அங்கே நிகழ்தகவு சொல்வேன், சத்தியம் செய்யமாட்டேன்.